கல்லாவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள் நான். தெருச் சுத்தம், நேரத்துக்கு வரும் ரயில், வரிசையில் நிற்கும் மக்கள் என்று அவற்றில் நிறையவே வந்துவிட்டது. ஆனால் கடையில் சாமான் அடுக்குகிறவர், பில் போடுகிறவர், பெட்டி இறக்குகிறவர் ஆகியோருடைய பொழுது அங்கே எப்படிப் போகிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். இடம் போதாமல் வெட்டுவதானால் முன்பகுதியில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதி அப்படியே வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் மயிலாடுதுறை மாவட்டத்துக்காரி. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஹாலே என்ற ஊரில் வருகை ஆய்வாளராக இருக்கிறேன். ஜெர்மனி என்றால் நம் ஆட்களுக்கு பெர்லின் தெரியும், மியூனிக் தெரியும். ஹாலேயைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் எங்கள் தரங்கம்பாடிக்கும் இந்த ஊருக்கும் முந்நூறு ஆண்டுத் தொடர்பு இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஹாலேயில் படித்தவர். அவர் நம் ஊரில் தமிழ் நூல்களை அச்சடித்தபோது எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அடுத்த ஆண்டே, லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் இதே ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து கட்டுக் கட்டாக இங்கே வந்த கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஃபிராங்கே அறநிலையம் என்ற வளாகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் வந்தேன்.

அந்த வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார், உண்டியலில் யாரோ போட்ட நாலு தாலர் பதினாறு குரோஷன் என்ற அக்காலக் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து 1698-ல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு மருந்தகம், அச்சகம், நூலகம் என்று ஒரு சிறு நகரமே ஆகிவிட்டது. மரச்சட்டம் போட்டுக் கட்டிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு நிற்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பராமரிப்பில்லாமல் பாழடைந்து, 1990-க்குப் பிறகு மீண்டும் தூக்கி நிறுத்தினார்களாம். வாசலை ஒட்டியே ஒரு மேம்பாலச் சாலை ஓடுகிறது. முந்நூறு வருடக் கட்டடத்தின் முகத்துக்கு எதிரே கான்கிரீட் தூண்கள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

நான் வாசிப்பதில் முக்கியமான ஒன்று, ‘மலபார்க் கடிதங்கள்’ என்று அறியப்படும் தொகுப்பு (தமிழரை அப்போது ஐரோப்பியர் மலபார்க்காரர் என்றே சொன்னார்கள்). சீகன்பால்குவும் அவருடைய சகாவான கிரண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். உங்கள் வழிபாடு என்ன, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். தமிழர்கள் பதில் எழுதினார்கள். 1712 முதல் 1714 வரை வந்த அந்த 99 பதில்களும் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் நம் அன்றாட வாழ்க்கையை விசாரித்து எழுதி வைத்தார்கள். இன்றைக்கு நான் அவர்களுடையதைப் பார்த்து நம் மக்களுக்கு எழுதுகிறேன். இது எனக்கு நியாயமான கைம்மாறாகவே தோன்றுகிறது.

வந்த புதிதில் எல்லோருக்கும் நேர்வதுதான் எனக்கும் நேர்ந்தது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த காகிதம் எதுவும் நகராது. டிராமில் ஏற கதவுத் தடுப்பு கிடையாது, கண்டக்டர் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு நாமாகவே ஏற வேண்டும். சாதாரண உடையில் பரிசோதகர் திடீரென்று எழுந்து வருவார். சீட்டு இல்லையென்றால் 60 யூரோ தண்டம். சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கில் நிற்கும் மனிதனுக்குத் தலையில் தொப்பி உண்டு. கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் 1961-ல் கிழக்கு ஜெர்மனிக்காக வரைந்தது அது. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்த பிறகு அதை எடுத்துவிடப் பார்த்தபோது மக்கள் விடவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாவிட்டாலும், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர்கள் அந்தத் தொப்பிக்காரன் பச்சையாகும்வரை நிற்கிறார்கள். இதெல்லாம் தங்கள் வாசகர்கள் முன்பே படித்ததுதான், நான் மேலே போகிறேன்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கே தண்ணீர் பாட்டில், குளிர்பான டப்பா வாங்கினால் விலையோடு 25 சென்ட் சேர்த்து வாங்குகிறார்கள். நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல். காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தின் வாயில் போட்டால் அது உருட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சீட்டைத் துப்பும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2003-ல் வந்த ஏற்பாடு. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் முறை வந்ததே, அதே வழிதான். குப்பை குறைகிறது, நல்ல விஷயம். ஆனால் நான் பார்த்தது வேறொன்று. மாலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், நன்றாக உடுத்திய வயதானவர் ஒருவர் கைவிளக்கை அடித்துக் குப்பைத் தொட்டிக்குள் பார்ப்பார். பாட்டில் இருந்தால் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொள்வார். ஓய்வூதியம் போதாதவர்கள் இப்படிச் செய்வது வழக்கம் என்றார்கள். அதைத் தெரிந்த இளைஞர்கள் காலிப் பாட்டிலைத் தொட்டிக்குள் போடுவதில்லை. அவர் கையை உள்ளே விட வேண்டாம் என்று தொட்டியின் காலடியில் நிறுத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். பணக்கார நாட்டில் ஒரு முதியவர் பாட்டில் பொறுக்குவது எனக்கு வேதனையாக இருந்தது. பக்கத்தில் பாட்டிலை நிறுத்திவைக்கும் பழக்கம் ஆறுதலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரை நான் சொர்க்கம் என்று எழுத வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. அழைத்துவர வந்த சக ஆய்வாளர் பெட்டியை அறையில் வைத்த கையோடு, “முதலில் கடைக்குப் போய்விடலாம், நாளைக்கு எதுவும் திறந்திருக்காது” என்றார். நம் ஊரில் கடையடைப்பு நாளுக்கு முதல்நாள் ஓடுவோமே, அந்த அவசரம் அவர் குரலில் இல்லை. ஏதோ நாளைக்குப் பொழுது விடியும் என்று சொல்வதுபோலச் சொன்னார். ரொட்டி, பால், அரிசி, உருளைக்கிழங்கு வாங்கி வந்தோம்.

மறுநாள் சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தேன். நாலு கோபுரங்கள் கொண்ட பெரிய தேவாலயம், தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம், நடுவில் இந்த ஊரில் பிறந்த இசை மேதை ஹாண்டெலின் சிலை. சுற்றிலும் துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை, எல்லாம் பூட்டு. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் மட்டும் உடுத்திக்கொண்டு நிற்கின்றன. காலையில் கொஞ்ச நேரம் ரொட்டிக்கடை, ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், ஊருக்கு முறை வைத்துத் திறக்கும் மருந்துக்கடை, உணவகங்கள், இவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றதெல்லாம் அடைப்பு. கடை மட்டுமில்லை. குடியிருப்புப் பகுதியில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கத் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காலிக் கண்ணாடிப் புட்டிகளைப் போடும் தெருத்தொட்டியில்கூட வேலைநாளில் மட்டும் போடவும் என்று நேரம் எழுதி ஒட்டியிருக்கிறது, உடைகிற சத்தம் அக்கம்பக்கத்தை எழுப்பும் என்பதால்.

அப்படியானால் மக்கள் எங்கே என்று கேட்பீர்கள். சாலே ஆற்றங்கரையில் இருந்தார்கள். பைஸ்னிட்ஸ் என்று ஒரு ஆற்றுத் தீவு. பிள்ளைகளுக்கான குட்டி ரயில் அங்கே ஓடுகிறது. தாத்தா பாட்டி, அம்மா அப்பா, தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய் என்று குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். வாங்க ஒன்றுமில்லை, விற்க ஒன்றுமில்லை. வெறுமனே நடக்கிறார்கள், பெஞ்சில் உட்காருகிறார்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த கேக்கைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். என் மாடிக்குக் கீழ்வீட்டு அம்மாவையும் அங்கே பார்த்தேன். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் வேலை பார்க்கிறார். கணவர் லாரிப் பட்டறையில். கூடவே இரண்டு பேரப்பிள்ளைகள். எனக்கு உடைந்த ஜெர்மன், அவருக்கு உடைந்த ஆங்கிலம். “எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாள்தான் லீவு, அது இன்றைக்கு” என்று அவர் சொன்னது தெளிவாகவே புரிந்தது.

எல்லோருக்கும் ஒரே நாள் என்பதுதான் இதில் உயிர். இதை விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்த ஞாயிறு ஓய்வு ஏதோ ஊர்ப் பழக்கம் என்று முதலில் நினைத்தேன். அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு 1919-ல் எழுதிய வைமார் அரசியல் சட்டத்தின் 139-வது பிரிவு, ஞாயிறும் பண்டிகை நாட்களும் வேலையிலிருந்து ஓய்வுக்கான, மன உயர்வுக்கான நாட்களாகச் சட்டத்தால் காக்கப்படும் என்கிறது. இரண்டாம் போருக்குப் பின் வந்த சட்டம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்து 140-வது பிரிவில் சேர்த்துக்கொண்டது. பெர்லின் மாநிலம், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாலு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பர் 1 அன்று நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வியாபாரம் நடக்கும் என்பதும் வாங்க ஆசையாக இருக்கிறது என்பதும் ஞாயிறை எடுத்துக்கொள்ளப் போதுமான காரணமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கிறிஸ்தவ நாடு, அதனால் ஞாயிறு என்று தள்ளிவிடவும் முடியாது. ஹாலே இருக்கும் சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் பெரும்பாலோர் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் கிடையாது. இந்த நாளுக்காகத் தேவாலயங்களோடு சேர்ந்து நிற்பது தொழிற்சங்கங்கள். இரண்டு தரப்பும் ஒரே கூட்டணியாக வேலை செய்கின்றன. கீழ்வீட்டு அம்மாவும் கோவிலுக்குப் போகிறவர் இல்லை. அவருக்கு அது பேரப்பிள்ளைகளின் நாள், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த அம்மா வேலை பார்க்கும் கல்லா. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாப் பெரிய கடைகளிலும் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். சக்கரம் வைத்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாற்காலி. முதுகுக்குச் சாய்வு உண்டு. சாமான் பட்டையில் நகர்ந்து அவர் கைக்கு வருகிறது. வலது கை தள்ள, இடது கை வாங்க, எந்திரம் பீப் பீப் என்று அடிக்க, அந்த வேகத்துக்கு நம்மால் பையில் போட முடியாது. பையில் போடுவது நம் வேலை, அவருடையது இல்லை. நடுவில் ஆள் இல்லாத நேரத்தில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை. பெரிய கனிவு, சிரிப்பு எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். “வணக்கம்” என்பார், தொகையைச் சொல்வார், “நல்ல பொழுதாகட்டும்” என்பார். உட்கார்ந்திருப்பதால் எனக்கு மரியாதை குறைந்ததாக ஒரு நாளும் தோன்றவில்லை. வரிசையில் நின்ற வேறு யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வேலை நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், கூடிப்போனால் பத்து. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்கு நடுவே பதினொரு மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு ஆண்டில் குறைந்தது 24 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆவணக் காப்பகத்திலும் இதே ஒழுங்குதான். படிப்பறை மூடும் நேரம் ஆனால் நூலகர் அம்மா கடிதக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். இன்னும் ஒரே ஒரு பக்கம் என்று கேட்டால் “நாளைக்கும் அது இங்கேதான் இருக்கும்” என்பார். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் மின்னஞ்சலுக்குத் திங்கள் காலைதான் பதில். வேலை கெட்டுப்போய்விடவில்லை.

இதில் பங்கு கிடைக்காதவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மருத்துவமனை, ரயில், தீயணைப்பு, உணவகம், இவற்றுக்கு ஞாயிறு கிடையாது. பக்கத்தில் லைப்சிக் நகரத்துக்குப் போனபோது ரயில் நிலைய வாசலில், முதுகில் சதுரப் பெட்டியோடு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்கள் சிலரைப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதுகலை படிக்க வந்த பிள்ளைகள். வகுப்பு இல்லாத ஞாயிறு அவர்களுக்குக் கூலி அதிகம் கிடைக்கும் நாள். குளிரில் கை விறைக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வருகிறவன் என்ற வித்தியாசமும் இருக்கத்தான் செய்கிறது. 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் புனித நாளில், ஹாலேயில் உள்ள யூத வழிபாட்டுக் கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழையப் பார்த்தான் ஒருவன். கெட்டியான மரக்கதவு அவனைத் தடுத்தது. வெளியே வழியில் போன ஒரு பெண்ணையும், கெபாப் கடையில் இருந்த ஓர் இளைஞரையும் கொன்றான். அந்தக் கெபாப் கடைத் தெரு என் அறையிலிருந்து நடக்கும் தூரம்தான். அந்த வழியாகப் போகும்போது யோசனை வராமல் இருப்பதில்லை. நல்லதைச் சொல்கிறவள் இதையும் சொல்ல வேண்டும்.

சரி, இதையெல்லாம் நம் ஊர்ப் பத்திரிகைக்கு ஏன் எழுத வேண்டும்?

என்னிடம் படித்த ஒரு மாணவி. பி.ஏ. தமிழ், நல்ல மதிப்பெண். வீட்டுச் சூழல் காரணமாக மேலே படிக்கவில்லை. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள். எந்த ஊர், எந்தக் கடை என்று எழுதவில்லை, அவள் அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. வாடிக்கையாளர் முன்னால் சேலையைப் பிரித்துப் போட்டுப் போட்டு, மறுபடி மடித்து மடித்து, ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு நிற்பதைப் புடவையைத் தூக்கிக் காட்டினாள். இருபத்தெட்டு வயதுப் பெண். “உங்கள் பிரிவில் ஸ்டூல் இல்லையா?” என்று கேட்டேன். “இருக்கு மேடம். ஆனா உட்கார்ந்தா கேமராவுல தெரியும். மேனேஜர் வந்து நிப்பார்” என்றாள். வார லீவு செவ்வாய்க்கிழமை. அவள் பையனுக்குப் பள்ளி லீவு ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை மாதங்களில் அந்தச் செவ்வாயும் கிடையாது.

நம்மிடம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1947-ம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு முழுநாள் விடுமுறை என்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை அதைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே 2018-ல் கேரளம் இதைச் செய்திருந்தது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் கீழ் விஜி என்பவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகுதான் அது வந்தது. ஸ்டூலுக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே நம் நிலைமையைச் சொல்கிறது. அந்த ஸ்டூலில் உட்கார விடாமல் கேமரா வைப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

இன்னொரு பக்கம், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது, 2022-ல் நீட்டிக்கப்பட்டது. ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை என்று நிபந்தனை இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் சுழற்சி விடுமுறை என்றால் என்ன? அம்மாவுக்குச் செவ்வாய், அப்பாவுக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறு. தலைக்கு ஒரு நாள் கிடைத்துவிட்டது, குடும்பத்துக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. கணக்கு நேராகிறது, வாழ்க்கை நேராவதில்லை. ஹாலேயில் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கிடைப்பது வெறும் ஓய்வு நாள் இல்லை. அவர் குடும்பம் முழுதும், அவருடைய சிநேகிதிகள் முழுதும் ஓய்வாக இருக்கும் நாள்.

ஞாயிறு விடுமுறையே வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைக்கவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற தொழிலாளர் தலைவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் போராடி 1890-ல் வாங்கினார். இந்தியாவில் முதல் மே தினம் சென்னையில்தான், 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஆலைக்கு வந்த அந்தக் கவனம் ஜவுளிக்கடைக்கு ஏன் வருவதில்லை? அங்கே பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம் மசோதா இல்லாமலே நடக்கிறது.

ஊரோடு ஓய்வெடுப்பது நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. சலூனுக்குச் செவ்வாய் விடுமுறை என்றால் ஊரில் எந்த சலூனும் திறந்திருக்காது, அதை யாரும் குறை சொன்னதில்லை. அமாவாசை அன்று எங்கள் பக்கத்தில் கொத்தனாரும் ஆசாரியும் வேலைக்கு வரமாட்டார்கள், வீடு கட்டுகிறவர் அதற்கேற்பத் திட்டம் போட்டுக்கொள்வார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைத்தெருவில் ‘வார விடுமுறை: வெள்ளி’ என்ற பலகை தொங்கும் கடைகள் இருந்தன. அந்தப் பலகைகளை நாம்தான் கழற்றினோம்.

எல்லாக் கடையையும் பூட்டச் சொல்லவில்லை. தள்ளுவண்டிக்காரர், பெட்டிக்கடைக்காரர், தினமும் விற்றால்தான் அடுப்பு எரியும் என்கிறவர் ஆகியோரைப் பூட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமைதான் நம் மக்களுக்குக் கடைக்குப் போக நேரம் என்பதும் தெரியும். ஆனால் இருநூறு, முந்நூறு பேரை வேலைக்கு வைத்திருக்கும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளைப் பற்றிப் பேசலாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது எல்லோருமாகச் சேர்ந்து பூட்டினால் எந்தக் கடைக்கும் நட்டமில்லை. பக்கத்துக் கடையும் பூட்டித்தான் இருக்கும், சேலை வாங்க நினைத்தவர் திங்கட்கிழமை வாங்கிக்கொள்வார். ஒருவர் மட்டும் பூட்டினால்தான் நட்டம். அதனால்தான் இதை முதலாளிகளின் நல்ல மனசுக்கு விட முடியாது என்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் மூன்று கோரிக்கைகள். தங்கள் நிருபர்களை ஒவ்வொரு மாவட்டத் தலைநகருக்கும் அனுப்பி, பெரிய கடைகளில் 2021 சட்டப்படி இருக்கை இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்த்து எழுதச் செய்யுங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் இதற்காக எத்தனை கடைகளுக்குப் போனார்கள், எத்தனை பேர் மீது நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியிடுங்கள். கடை ஊழியர்கள் பெயரில்லாமல் எழுதும் கடிதங்களுக்கு வாரம் ஒரு நாள் இதே பக்கத்தில் இடம் கொடுங்கள். விளம்பரம் தருகிறவர்கள் இந்தப் பெரிய கடைக்காரர்கள்தான், சங்கடம் இருக்கும் என்பது தெரிந்தே கேட்கிறேன்.

வாசகர்களிடம் ஒன்று. அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, பிரித்துக் காட்டுகிற பெண்ணிடம் “நீங்க உட்காருங்கம்மா, உட்கார்ந்தே காட்டுங்க” என்று மேலாளர் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்தப் பெண் தயங்கினால் மேலாளரையே கூப்பிட்டு, ஸ்டூலை இங்கே கொண்டுவந்து போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தமிழ்த்துறை ஆசிரியை, மயிலாடுதுறை மாவட்டம்
(இப்போது ஹாலே, ஜெர்மனி)